பூஜ்யம் காட்டிய கருவி

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் இரைச்சலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சத்தம் போடுகிற பெண் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க அவள் பேசியதைச் சேர்த்துவைத்தாலும் நாற்பது வார்த்தை தேறாது. அந்த நாற்பதில் பாதி 'இரைச்சல்' என்பதாக இருக்கும், அவ்வளவுதான். மின்சுற்றில் வேண்டியதோடு ஒட்டிக்கொண்டு வேண்டாத நடுக்கமும் வரும். அதற்கு அவர்கள் தொழிலில் இரைச்சல் என்று பெயர். "இதுல இரைச்சல் இருக்கு" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் அந்த போர்டு குப்பைத்தொட்டிக்குத்தான். செய்தவன் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

நம்பாமல் இருப்பதில் அவள் மகாராணி. வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மூன்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பாள். காய்கறிக்கடைத் தராசைக் குனிந்து உற்றுப் பார்ப்பாள். கடைக்காரருக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், பொறுமைசாலி. ஒருநாள் அவரும் தாங்க முடியாமல் கேட்டார்: "என்னையாவது நம்புறியா?" அவள் யோசித்துவிட்டு, "உங்களுக்கு ரீடிங் எடுக்க வழியில்லையே" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். மேசைமேல் இருந்த ஆசிலோஸ்கோப் என்கிற அலைகாட்டி. அதன் அளவுக் கம்பியைச் சுற்றின்மேல் மாட்டினால், உள்ளே ஓடும் மின்சாரம் திரையில் பச்சைக் கோடாக ஓடும். கருவியின் முகப்பில் தெரியும் எண் பொய் சொல்லலாம், கோடு சொல்லாது என்பது அவள் கட்சி. "எண்ணு வெளிவேஷம். கோடுதான் உள்மனசு" என்பாள். அவள் பேசியதிலேயே நீளமான வசனம் அதுதான்.

பதினைந்து வருஷம் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார், தண்ணீர்த்தொட்டி மட்டத்தை அளக்கும் சென்சார் என்று ஓடியது. ஆறு வருஷத்துக்கு முன் அது மாறியது. அவள் தம்பி ஒரு காகித ஆலையில் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்கிறவன். பூமிக்குள் இருபதடி ஆழத் தொட்டிகள். அடியில் மக்கிக் கிடக்கும் சேறு கிளறப்பட்டால் ஒரு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாறும். அதிகமாகிவிட்டால் நாறவே நாறாது; மூக்கு மரத்துப் போய்விடும். அடுத்து ஆள் விழுந்துவிடுவான். அந்த வருஷம் இரண்டு பேர் விழுந்தார்கள். கயிறு கட்டி அவர்களைத் தூக்கியவர்களில் தம்பியும் ஒருவன். தூக்கி வந்தது பிணங்களை. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தான். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டான்: "இத்தன வருஷமா என்னென்னமோ அளக்குறியே, இத அளக்க மாட்டியா?"

அவள் வேறு எதையும் அளக்கவில்லை, அன்றிலிருந்து.

சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி. சட்டைப்பையில் மாட்டிக்கொண்டு இறங்கலாம். உள்ளே ஒரு சின்ன வில்லை. வாயு பட்டால் அதில் இத்துனூண்டு மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கி எண்ணாகக் காட்டுவதுதான் அவள் வரைந்த சுற்று. எண் பத்தைத் தாண்டினால் காது கிழியக் கத்தும். செய்வதற்கு ஐந்து வருஷம் ஆனது. செய்த பிறகும் அவளுக்குத் திருப்தி இல்லை, வாயு பட்டுக் கத்துவதற்குப் பதினாறு வினாடி ஆகிறதாம். "பதினாறுல ஆள் முடிஞ்சிடுவான்" என்றாள். நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில், மின்சாரத்தின் திடீர் ஏற்ற இறக்கத்தை அடக்கிவைக்கும் கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்றைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டாள். பதினாறு ஒன்பதானது. ஆய்வுக்கூடத் தலைவர் கேக் வாங்கி வந்து வெட்டினார். அவருக்கு அங்கே 'கெடு' என்று பெயர். எதைப் பற்றிப் பேசினாலும் "கெடு நெருங்குது" என்று முடிப்பார். அன்று கேக்கை விழுங்கும்போதும் அதையேதான் சொன்னார்.

பதினொரு கருவிகள் செய்தார்கள். சுற்றில் ஒவ்வொரு புள்ளியையும் ஈயம் உருக்கி ஒட்டியவர் சால்டரிங் அண்ணன், ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒவ்வொன்றையும் சோதித்தது அவள். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கருவியை வைத்து, அளவுக் கம்பியை அதன் சுற்றில் மாட்டி, வாயுவைத் திறந்துவிட்டு, பச்சைக் கோட்டைப் பார்ப்பாள். கோடு அலுங்காமல் குலுங்காமல் ஏறும். பதினொன்றும் தேறின. அதில் பத்து, தம்பியின் ஆலைக்குப் போயின. ஒன்று மேசையில் நின்றது.

ஆலை ஆட்களைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. தொட்டியின் மூடிகளைத் திறந்து போட்டு, யானைக்காது மாதிரி ஒரு பெரிய விசிறியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் இடுப்பில் கயிறோடு ஒருவன் இறங்குவான். சோப்புக்கட்டியை நம்பி இறங்க மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். தம்பிதான் பேசிப் பேசி மடக்கினான். "எங்கக்கா யாருன்னு உங்களுக்குத் தெரியாது. கட்டின புருஷனையே நம்பாதவ. அவளே இத நம்புறான்னா அப்புறம் என்ன?" மேஸ்திரி என்று எல்லோரும் கூப்பிடும் மேற்பார்வையாளருக்கு வாயெல்லாம் பல். தொட்டிக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம் அல்லவா! அரசுப் பாதுகாப்பு அதிகாரி முன்னிலையில் செய்து பார்க்க ஒரு தேதி குறித்தார்கள். மூடி திறந்து அரை மணியில், விசிறி இல்லாமல், கருவி சொல்வதை வைத்து ஆள் இறங்குவது. முதலில் இறங்குவது தம்பி. காலை பதினொரு மணி.

அன்று காலை ஆய்வுக்கூடத்தில் அவளுடைய ஸ்கோப் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்க்க அனுப்புவார்கள். முந்தின நாள் சாயங்காலம் எடுத்துப் போய்விட்டார்கள். பத்து மணி. கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாதவள், மேசையில் நின்ற பதினோராவதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள். எண்ணையாவது பார்ப்போம் என்று வாயுவைத் திறந்தாள்.

பூஜ்யம்.

பத்து வினாடி, இருபது வினாடி. பூஜ்யம். வாயுக்குப்பி தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள். முள்ளைப் பார்த்தாள், பாதி இருந்தது. பெட்டியின் ஓரத்தில் ரப்பர் பிதுங்கியிருந்த இடத்தில் முகர்ந்தாள். அழுகின முட்டை.

"அண்ணே, உங்க பழைய ஸ்கோப்பக் கொண்டாங்க."

சால்டரிங் அண்ணன் தன் மேசையிலிருந்த ஓட்டை உடைசலைத் தூக்கி வந்து வைத்தார். அவள் கையுறைத் துளை வழியாகக் கையை விட்டு அளவுக் கம்பியைச் சுற்றில் மாட்டினாள். எண் எழுந்தது. ஐந்து, பன்னிரண்டு, பத்தொன்பது. கருவி கத்தியது.

"ஓடுதே!" என்றார் அண்ணன்.

அவள் கம்பியை எடுத்தாள். கத்தல் நின்றது. எண் இறங்கிப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது. மாட்டினாள், பத்தொன்பது. எடுத்தாள், பூஜ்யம். இன்னொரு தடவை.

அண்ணனுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அவளுக்கு அதுகூட ஆகவில்லை. அளவுக் கம்பி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் கிடையாது. மாட்டினால் அதுவும் சுற்றில் ஒரு உறுப்பாகிவிடும், கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்றைக் கூடச் சேர்த்த மாதிரி. அவள் எதை எடுத்தாளோ, கிட்டத்தட்ட அதையே ஒவ்வொரு சோதனையிலும் தன் கையால் திரும்ப வைத்திருக்கிறாள். கம்பி இருந்தவரை சுற்று அடங்கி ஒடுங்கி வேலை செய்தது. கம்பியை எடுத்ததும் அது தனக்குத்தானே கண்டபடி நடுங்கியது. அந்த நடுக்கத்தில் வாயுவின் மின்சாரம் அமுங்கிப்போய் எண் பூஜ்யமானது. சுத்தமான காற்றிலும் எண் பூஜ்யம்தான். பார்க்கிறவன் என்னத்தைக் கண்டான்? ஆன் செய்ததும் பீப் என்று ஒரு தரம் கத்தும், அது கத்துகிற பாகம் நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. எதையும் நம்பாமல் உள்ளே பார்த்தவள் உள்ளே பார்த்ததாலேயே ஏமாந்தாள். வேறு யாராவது சோம்பேறி, வெறும் எண்ணைப் பார்த்துச் சோதித்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

மணி பத்து இருபது.

தம்பிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. தொட்டிப் பக்கம் செல்போன் கொண்டுபோகக் கூடாது, தீப்பொறி பயம். எல்லோருடையதும் வாசல் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆலை வாசலுக்கு அடித்தாள். காவலாளி எடுத்தார். "எல்லாரும் தொட்டிகிட்ட போயிட்டாங்கம்மா. நான் கேட்ட விட்டு நகரக் கூடாது. வேற ஆளு வந்தா சொல்லி அனுப்புறேன்." வைத்துவிட்டார்.

கெடு தன் அறையில் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார், மத்தியானம் பத்திரிகைக்காரர்கள் வருவதாக இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு முகம் வெளிறியது. ஆனால் வாய் வேறு பேசியது.

"ஒண்ண வச்சு பத்தும் அப்படித்தான்னு எப்படிம்மா சொல்லுவீங்க? அது மட்டும் பழுதா இருக்கலாம். இன்னும் ரெண்டு தடவ பாத்துட்டு நிதானமா..."

"சார், பதினொண்ணுலயும் அந்த கெப்பாசிட்டர எடுத்தது நான்தான்."

"அங்க அதிகாரி நிக்கிறாரு. இப்ப போய் நிறுத்தினா அஞ்சு வருஷ உழைப்பு..."

"என் தம்பி நிக்கிறான் சார்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவர் பதில் சொல்லியிருப்பார். சட்டைப்பையில் கையைவிட்டுக் கார் சாவியை எடுத்து நீட்டினார். "எனக்குக் கை ஓடல. அண்ணன ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

கடையில் வாங்கிய வாயுமானி ஒன்று அலமாரியில் இருந்தது. செங்கல் கனம், மஞ்சள் நிறம். சட்டையில் மாட்ட முடியாது, விலையோ கேட்கவே வேண்டாம். அதைத்தான் அவள் தன் கருவிக்கு எண் பொருத்தும்போது அளவுகோலாக வைத்துக்கொள்வாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

சால்டரிங் அண்ணன் ஈயம் வைப்பதைப் போலவே கார் ஓட்டுகிறவர்: பார்த்துப் பார்த்து, அவசரமில்லாமல். முதல் சிக்னலில் மஞ்சள் விளக்குக்கே நின்றார். அவள் பக்கவாட்டில் திரும்பி அவரைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவர் சிவப்புக்குக்கூட நிற்கவில்லை. வழியில் ஒரு தெருவையே தோண்டிப் போட்டிருந்தார்கள். பின்வாங்கி, ஒரு பள்ளிக்கூடத்துப் பின்பக்கமாகச் சுற்றி, குப்பை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தார்கள். அவள் கண் கார்க் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. அது மூன்று நிமிஷம் முந்தியா பிந்தியா என்று தெரியாததே அவளைக் கொன்றது.

ஆலை வாசலில் பத்து ஐம்பத்தாறு. காவலாளி அவள் காலைப் பார்த்தார்.

"செருப்போட உள்ள விட முடியாதும்மா. சேஃப்டி ஷூ, ஹெல்மெட்."

"ஐயா, உள்ள ஒருத்தன் சாகப் போறான்."

"அதுக்குத்தாம்மா சேஃப்டி."

இந்த நியாயத்துக்கு எதிர்நியாயம் யாரிடம் இருக்கிறது? அண்ணன் அங்கே கழற்றி வைத்திருந்த யாருடைய பூட்ஸையோ தூக்கிப் போட்டார். பத்தாம் நம்பர். அவள் செருப்புக் காலோடு அதற்குள் இறங்கி, மஞ்சள் செங்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, டபக் டபக் என்று ஓடினாள். பார்த்த ஒருவன் சிரித்தான். அவளுக்குக் கேட்கக்கூட இல்லை.

தொட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். விசிறி ஒரு ஓரமாக ஓய்வில் நின்றது. அதிகாரி கையில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். தம்பி இடுப்பில் கயிற்றோடு ஏணியில் நின்றான். முழங்கால்வரை தொட்டிக்குள் போயிருந்தது. சட்டைப்பையில் சோப்புக்கட்டி பச்சையாக மின்னியது.

"மேல ஏறு!"

பூட்ஸ் தடுக்கி அவள் மண்டியிட்டு விழுந்தாள். தம்பி அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பாத்தீங்களா, நான் சொல்லல? எங்கக்காவுக்கு என் மேலயே சந்தேகம். நேர்ல பாக்க வந்துட்டா."

"டேய், ஏறுடா மேல!"

"ஜீரோதான்க்கா காட்டுது. ஒண்ணும் இல்ல."

"அது எப்பவும் ஜீரோதான்டா காட்டும்! ஏறித் தொலையேன்டா!"

அவள் அப்படிக் கத்தி அவன் பார்த்ததே இல்லை. சிரிப்பு அப்படியே நிற்க, ஒரு படி ஏறினான், இன்னொரு படி. மேலே கயிறு பிடித்திருந்தவர் மீதியை இழுத்துப் போட்டார்.

மேற்பார்வையாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னம்மா இது, அதிகாரி முன்னாடி? வாசன கூட வரல பாருங்க."

தம்பியின் சட்டையிலிருந்து கருவியைப் பிடுங்கினாள். மஞ்சள் செங்கல்லையும் அதையும் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். ஒரு ஆள் ஆழம், சத்தமில்லை. ஒன்றரை ஆள் ஆழம். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆள் ஆழத்தில் செங்கல் அலறியது. தொட்டியின் சுவர்களில் மோதி மோதி அந்த அலறல் மேலே வந்தபோது ஒருவர்கூட விடாமல் எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

மேலே இழுத்தாள். செங்கல் அடியில் பிடித்து வைத்திருந்த உச்ச எண் நூற்றறுபது. பக்கத்தில் சோப்புக்கட்டி அழகாக, பச்சையாக, பூஜ்யம் காட்டியது.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "இது யார் தப்பு?"

"என்னுது."

"இல்ல, தயாரிப்புல பழுதா, இல்ல..."

"பழுதில்ல சார். நான் வரஞ்சதே தப்பு. சோதிச்ச விதமும் தப்பு. பத்தையும் இப்பவே வாங்கிக்கிறேன்."

ஒன்று இரண்டு என்று மீதி ஒன்பது பேரின் கையிலிருந்தும் வாங்கினாள். கொடுக்கும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கயிறு பிடித்திருந்தவர் போய் விசிறியின் பொத்தானை அமுக்கினார். அது கடகடவென்று ஓடத் தொடங்கியது. ஐந்து வருஷ வேலைக்கு அந்தச் சத்தம்தான் தீர்ப்பு என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் உயிரோடு நிற்கிறான் என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக இருந்ததால் அழாமல் பையைக் கட்டினாள்.

முதலுதவி அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தம்பி வந்து பெஞ்சின் அந்த மூலையில் உட்கார்ந்தான்.

"மானம் போச்சுக்கா" என்றான். "எல்லார்கிட்டயும் உன்னப் பத்தி அவ்வளவு பீத்திக்கிட்டேன்."

"தெரியும்டா."

"திட்டணும்னுதான் வந்தேன்."

"திட்டு."

அவன் திட்டவில்லை. கைவிரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தான். கண் ஓரங்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறான் என்று நினைத்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றான். "நேத்தே எறங்கினேன்."

அவளுக்குப் புரியவில்லை. "எங்க?"

"நாலாம் நம்பர் தொட்டில. அதிகாரி வரும்போது தடுமாறக் கூடாது, ஒரு தடவ எறங்கிப் பாத்துடுன்னு மேஸ்திரி சொன்னாரு. விசிறி போடல. அது பழைய தொட்டி, சேறு கம்மி. பத்து நிமிஷம் இருந்தேன்."

"டேய்..."

"எறங்கின கொஞ்ச நேரத்துல கண்ணு எரிஞ்சுச்சு. தல சுத்துச்சு. நெஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு உன் மெஷினப் பாத்தேன், ஜீரோ. ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னு மறுபடி பாத்தேன், ஜீரோ." அவன் அவள் பக்கம் திரும்பினான். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "மெஷின் சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் உடம்புக்கு ஏதோ ஆகிப்போச்சுன்னு நெனச்சேன்க்கா. உங்கிட்ட சொன்னா நீ பயப்படுவியேன்னு சொல்லல."

அவள் அந்தப் பத்தாம் நம்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்தாள். அவன் கையைப் பிடித்து எழுப்பி, "நட, ஆஸ்பத்திரிக்கு" என்று வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணு இன்னும் எரியுதா, மூச்சு இழுத்துப் பாரு, வலிக்குதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனாள். அவன் சொன்ன ஒவ்வொரு பதிலையும் அப்படியே நம்பினாள்.